நாற்பத்தொன்றுக்கு நாற்பத்தொன்று

மருத்துவ வரலாறு எழுதுகிறவர்கள் இனி அந்தமானில் இருக்கும் எங்கள் லாங் ஐலண்ட் தீவின் படகுத்துறைக்குத் தனி அத்தியாயம் ஒதுக்கியே தீர வேண்டும். நிமோனியாத் தடுப்பூசி முகாம் ஒன்றை இங்கே நடத்தினோம். ஒருவர் முகம் சுளிக்கவில்லை. ஒரு கை வீங்கவில்லை. வலிக்கிறது என்று ஒரு புகார் கிடையாது. தீவு நலச் சங்கச் செயலாளர் என்ற முறையில் இந்தச் சாதனையில் எனக்கும் சிறு பங்கு உண்டு என்பதை அடக்கத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

முகாமுக்காக அதிகம் காத்திருந்தவர் ராஜமாணிக்கம். மரக்கிடங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நிமோனியா வந்து போர்ட் பிளேயர் ஆஸ்பத்திரியில் பதினோரு நாள் படுத்துவிட்டு, இடுப்பில் நிற்காத பேண்ட்டைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டு கப்பலில் திரும்பியிருந்தார். "இன்னொரு தடவை வந்தா நுரையீரல் தாங்காது. மழையில நனையாதீங்க. முகாம் வந்ததும் ஊசியைப் போட்டுக்குங்க" என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். அவர் மனைவி ஒச்சம்மா முகாம் தேதியை என்னிடம் தினம் இரண்டு முறை கேட்டார்.

குழு வந்து இறங்கியது. தலைவர் சிவஞானம், நர்ஸ் மெஹருன்னிசா, ஒரு குளிர்ப்பெட்டி, மூன்று பேனர். விதி எளிமையானது. கையில் ஊசி வைத்த போட்டோ செல்போன் செயலியில் ஏறினால்தான் பெயர் ஏறும். பெயர் ஏறினால்தான் மருந்தை எடுக்கலாம். ஆகவே மூடி கழற்றாத ஊசியை வைத்து முதலில் போட்டோ. எங்கள் தீவில் சிக்னல் கிடைப்பதோ படகுத்துறையின் கடைசிக் கம்பத்தடியில் மட்டும். ஆகவே கூரைக்கு அடியில் தொடங்கிய முகாம் வெட்டவெளிக்கு 'இடமாற்றம்' பெற்றது.

மழை பிடித்துக்கொண்டது.

"செகரட்டரி, குடை! ஜல்தி!" என்றார் சிவஞானம்.

விரித்துப் பிடித்தேன், அவருடைய செல்போனுக்கு மேல். குளிர்ப்பெட்டிக்குத் தார்ப்பாய் போட்டார்கள். 'நிமோனியாவை வென்ற வீரர்' என்பதால் ராஜமாணிக்கத்துக்கு முதல் மரியாதை. ஏழு போட்டோ.

"கொஞ்சம் சிரிங்கண்ணே."

"குளுருதுங்கய்யா."

"ஏக் மினிட். இருமாம நில்லுங்க, படம் ஆடுது."

நாற்பத்தோராவது பெயர் ஏறியதும் கப்பல் சங்கு ஊதியது.

"சார், ஊசி?" என்றார் மெஹருன்னிசா.

சிவஞானம் திரையைக் காட்டினார். 'இலக்கு 41. முடிந்தது 41.' "ஹோ கயாம்மா, முடிஞ்சுபோச்சு! இதுக்கு மேல என்னத்தப் போடறது?"

பெட்டியையாவது வைத்துவிட்டுப் போகலாமே என்றார் அந்த அம்மாள். இங்கே கரண்ட் போனால் மருந்தின் உடல்நிலை என்னாவது என்று சிவஞானம் கவலைப்பட்டார்.

"எனக்கு மட்டுமாச்சும் குத்திட்டுப் போங்கய்யா" என்று ராஜமாணிக்கம் ஈரக் கையை நீட்டினார்.

"உங்களுக்குப் போட்டாச்சுன்னு ஏறிடுச்சுண்ணே. ரெண்டாவது தடவைன்னா சிஸ்டம் ஒத்துக்காது."

ஒச்சம்மா விடவில்லை. "குத்துன எடத்தக் காட்டுங்க."

சிவஞானம் செல்போனைத் திருப்பிக் காட்டினார். "பாருங்க. எவ்ளோ தெளிவா இருக்கு!"

நான்காம் நாள் சான்றிதழ் வந்தது. அதைச் செல்போனில் வாங்க ராஜமாணிக்கம் மறுபடி மழையில் கடைசிக் கம்பம் வரை போக வேண்டியிருந்தது. ஐந்தாம் நாள் காய்ச்சல் வந்தது. அதற்கு அவர் எங்கும் போக வேண்டியிருக்கவில்லை. சான்றிதழ் கையில் இருக்கும்போது நிமோனியா எப்படி வரும் என்று நான்தான் தைரியம் சொன்னேன். ஐந்து நாள் அந்தத் தைரியத்திலேயே படுத்திருந்தார்.

பத்தாம் நாள் கப்பலில், இலக்கை முழுதாக முடித்ததற்காக எங்கள் தீவுக்குக் கேடயம் வந்து இறங்கியது. அதே கப்பலில் ராஜமாணிக்கத்தைப் பலகையில் படுக்கவைத்து ஏற்றினோம். மூச்சு விட்டு விட்டு வந்தது. தூறல் விழுந்தது. குடையை விரித்து அவர் முகத்துக்கு மேல் பிடித்தேன்.

ஒச்சம்மா என்னை நிமிர்ந்து பார்த்தார். "கொடைய இந்தப் பக்கம் திருப்ப இம்புட்டு நாளாச்சா, செகரட்டரி?"

கேடயத்தில் என் பெயரும் பொறித்திருக்கிறது. 'சிறந்த தொழில்நுட்ப ஒத்துழைப்பு.' தகுதியான விருதுதான். நாற்பத்தொரு படங்களும் பளிச்சென்று இருக்கின்றன. அன்றைக்கு அந்தச் செல்போன் மேல் ஒரு சொட்டுக்கூட விழவில்லை.