மாமனாரைத் தடுக்க நான் படித்த நாலு வார்த்தைகள்

ஆங்கிலம் படித்து எத்தனையோ பேர் பெரிய உத்தியோகத்துக்குப் போகிறார்கள். நான் ஒரு கட்டிலைக் காப்பாற்றப் படித்தேன்.

கட்டில் இருப்பது எங்கள் பின்னறையில். அங்கே ஒரு ஜன்னல், ஒரு மின்விசிறி, நான். இந்த வீட்டில் என் பேச்சுக்கு எதிர்ப்பேச்சு வராத ஒரே இடம் அதுதான். காரணம், அங்கே வேறு யாரும் வருவதில்லை. அந்த அறையை மாமனாருக்கு ரெண்டு வாரம் விட்டுக்கொடுத்துவிட்டு நான் கூடத்து சோபாவில் படுக்க வேண்டும் என்று மனைவி உத்தரவு போட்டாள்.

மாமனார் கெட்டவர் இல்லை. பத்திரிகையில் பிழை திருத்தி ஓய்வு பெற்றவர். அவர் வீட்டில் எந்த வழக்கும் ஒரு விளையாட்டில்தான் தீரும். இரண்டு ஆங்கில எழுத்தைச் சொல்வார்கள். அந்த இரண்டும் வருகிற வார்த்தையை அர்த்தத்தோடு சொல்ல வேண்டும். தோன்றுகிற வரைக்கும் சொல்லிக்கொண்டே போகலாம்; கடைசியில் யாருடைய வார்த்தை நீளமோ அவர் வைத்ததுதான் சட்டம். பாத்திரம் யார் கழுவுவது என்பதிலிருந்து எந்த சேனல் பார்ப்பது என்பதுவரை அப்படித்தான். பெண் பார்க்கப் போன அன்று என்னிடமும் ‘சி’, ‘டி’ என்று இரண்டு எழுத்தை நீட்டினார். நான் ‘கேட்’ என்றேன். பூனை. மூன்று எழுத்து. பெண்ணைக் கொடுத்துவிட்டார், மறுக்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு என்னிடம் வெயில், மழை தவிர வேறு எதுவும் பேசியதில்லை.

முள்ளை முள்ளால் எடுத்துவிடலாம் என்று துணிந்தேன்.

“உங்க வீட்டு வழக்கப்படியே தீத்துக்கலாம். நான் ஜெயிச்சா ரூம் என்னுது.”

மனைவி ஒரு வக்கீல் ஆபீஸில் டைப் அடிக்கிறவள். யார் எதைச் சொன்னாலும் ஷரத்து ஷரத்தாகப் பிரித்துக் கேட்டுத்தான் அவளுக்குப் பழக்கம்.

“ஜெயிச்சா என்ன வேணும்? ஒழுங்கா சொல்லுங்க.”

“அந்த ரூமை நான் காலி பண்ண மாட்டேன். யாரும் காலி பண்ணச் சொல்லவும் கூடாது.”

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான்.”

“எழுத்து யார் சொல்றது?”

“சவால் விட்டவன்தான்.”

“சரி, நீங்களே சொல்லுங்க. ஞாயித்துக்கிழமை வச்சுக்கலாம்.”

இவ்வளவு சுலபமாக அவள் எதற்கும் சரி சொன்னதில்லை. சந்தேகப்பட்டிருக்க வேண்டும். நானோ சந்தோஷப்பட்டேன்.

நான் வேலை பார்ப்பது மூக்குக்கண்ணாடிக் கடையில். ஃப்ரேம் பெட்டிகளுக்குப் பின்னால் அகராதியை ஒளித்துவைத்து, ‘க்யூ’வும் ‘இசட்’டும் சேர்ந்து வருகிற வார்த்தைகளாகப் பொறுக்கினேன். அந்த ஜோடியைக் கேட்டால் எந்த மனைவியும் வாயடைத்துப் போவாள் என்பது என் கணக்கு. வாடிக்கையாளர் கண்ணில் லென்ஸை வைத்துக்கொண்டே “சொலிலொக்வைஸ், சொலிலொக்வைஸ்” என்று முணுமுணுத்தேன்.

“அது நல்ல கம்பெனியா?” என்றார் அவர். “விலை கூட இருந்தாலும் பரவாயில்ல, அதையே போடுங்க.”

ஞாயிற்றுக்கிழமை நடுவராக வந்தவர் பக்கத்து வீட்டு நர்ஸ். டியூட்டி முடிந்த கையோடு, யூனிஃபாரத்தைக்கூட மாற்றாமல் மேஜை முன்னால் உட்கார்ந்தார். எதிரில் அகராதி. அதன் பக்கத்தில் மனைவியின் போன் கவிழ்ந்து கிடந்தது.

“க்யூ, இசட்,” என்று குண்டைப் போட்டேன்.

“க்விஸ்,” என்றாள் மனைவி. “கேள்வி கேக்கறது.”

“நாலு எழுத்து,” என்றார் நர்ஸ்.

“ஈக்வலைஸ். சமமாக்குறது.”

“யாரை யாருக்கு?” என்றாள் மனைவி.

“பொதுவா சொன்னேன்.”

“குவார்ட்ஸ். ஒரு வகைக் கல்லு.”

“ட்ராங்குவிலைஸ். அமைதிப்படுத்தறது.”

“இது எனக்கே தெரியுமே. ஊசி போட்டாத்தான் நடக்கும்,” என்றார் நர்ஸ்.

“இவருக்கு ஊசி வேணாம்க்கா. சாப்பாடு போட்டாலே போதும்.”

நான் அசரவில்லை. “சொலிலொக்வைஸ். தனக்குத்தானே பேசிக்கறது.”

“நீங்க தினம் பின்ரூம்ல பண்றீங்களே, அதுவா?”

அதற்கும் அசரவில்லை. கடைசி அஸ்திரத்தை எடுத்தேன். “வென்ட்ரிலொக்வைஸ். உதடு அசையாம, குரல் வேற எங்கேருந்தோ வர்ற மாதிரி பேசறது.”

நர்ஸ் விரல் விட்டு எண்ணினார். “பதிமூணு எழுத்து அண்ணே.”

“எனக்கு வேற தோணலை. தோத்துட்டேன்,” என்றாள் மனைவி.

அப்படி ஒரு வார்த்தை அவள் வாயிலிருந்து வந்து நான் கேட்டதே இல்லை. வாயெல்லாம் பல்லாக எழுந்து நின்றேன். அப்போதுதான் அந்தக் குரல் வந்தது.

“சபாஷ் மாப்பிள்ளை. அர்த்தமும் கரெக்ட்.”

அங்கே யாருடைய உதடும் அசையவில்லை. மனைவி போனை நிமிர்த்தினாள்.

“கேட்டீங்களாப்பா? ‘ஒரே ஒரு பெரிய வார்த்தை தெரிஞ்ச ஆளா இருந்தா உன் வீட்டுக்கே வந்துடுவேன், மழையைப் பத்தி எவ்வளவு நேரம்தான் பேசறது’ன்னு சொன்னீங்களே. இப்ப வருவீங்கதானே?”

“ரெண்டு வாரத்துக்கு எதுக்கும்மா பெட்டி கட்டணும்? இந்த வீட்டை வாடகைக்கு விட்டுட்டு மொத்தமாவே வந்துடறேன்.”

நான் குறுக்கே புகுந்தேன். “ரூம் என்னுது. நான்தானே ஜெயிச்சேன்?”

“யார் இல்லைன்னா? நீங்க காலியே பண்ண வேணாம். இன்னொரு கட்டில் தாராளமாப் பிடிக்கும். அளந்து பாத்துட்டேன்.”

“நானும் சாட்சி அண்ணே,” என்றார் நர்ஸ். “உங்களை யாரும் காலி பண்ணச் சொல்லலை.”

மனைவி போனை வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றாள். “அம்மா போனப்புறம் அவர் தனியா சாப்பிடறதை நினைச்சாலே எனக்கு சோறு இறங்கலைங்க. இங்கேயே வச்சுக்கலாமான்னு நேரா கேட்டிருந்தா நீங்க ஆயிரம் காரணம் சொல்லியிருப்பீங்க.”

ஆயிரம் இல்லை, இருநூறாவது சொல்லியிருப்பேன். ஆனால் அவள் கண்ணைப் பார்த்த பிறகு ஒன்றுகூட ஞாபகத்துக்கு வரவில்லை. கோபப்பட முடியாமல் போனதுதான் எனக்குப் பெரிய கோபம்.

அடுத்த வாரமே மாமனார் வந்துவிட்டார், ஜன்னலோரக் கட்டிலுக்கு. மதியம் நான் கண்ணை மூடிப் புரண்டு படுத்த நேரத்தில் எதிர்க்கட்டில் கிறீச்சிட்டது.

“மாப்பிள்ளை, எக்ஸ், ஒய். பத்து எழுத்துக்கு மேல ஒண்ணு சொல்லுங்க. நிதானமா யோசிங்க, நான் எங்கயும் போகப்போறதில்ல.”