முதல் எழுத்து கேட்ட டொஸ் ஐந்து

முழுதாகப் படித்தவனைவிட, பாதி படித்துவிட்டுப் படிப்பிக்கப் போனவன்தான் அதிகம் கதைப்பான். இதை நான் ஆராய்ந்து கண்டுபிடிக்கவில்லை. நானே அப்படித்தான் இருந்தேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம். யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்றுபோயிருந்தது. உரும்பிராயில் ஒரு வீட்டின் முன்னறையில், மண்ணெண்ணெயில் ஓடும் ஜெனரேட்டரை நம்பி ஒரு கொம்பியூட்டர் வகுப்பு நடந்தது. கொம்பியூட்டர் ஒன்று, மாணவர்கள் எட்டுப் பேர், ஆசிரியர் நான். வயது இருபத்திமூன்று. கொழும்பில் மூன்று மாதம் படித்திருந்தேன். (அதில் இரண்டு கிழமை காய்ச்சல்.)

எனக்குப் பிடித்த பாடம் டொஸ். கொம்பியூட்டரை இயக்குகிற அடிப்படை மென்பொருள் அது. எதைச் செய்வதென்றாலும் கட்டளையை எழுத்தெழுத்தாகத் தட்ட வேண்டும். முதல் டொஸ்ஸில் கோப்புகள் எல்லாம் ஒரே சாக்கில் கட்டியதுபோலக் கிடந்தன, இரண்டாவதில் அவற்றை அறை அறையாகப் பிரித்து வைக்க வழி வந்தது, எங்களிடம் இருந்த 'மூன்று தசம் மூன்று' பதிப்போடு எல்லாம் பூரணமாகிவிட்டது என்று வகுப்புக்கு வகுப்பு புராணம் படிப்பேன்.

"சேர், இப்ப அஞ்சு வந்திட்டுதாமே. அதிலை என்ன புதிசு?" என்று முன்வரிசைப் பெண் ஒருத்தி ஒருநாள் கேட்டாள்.

"நம்பர்தான் புதிசு, மாலினி," என்றேன். வகுப்பு சிரித்தது. அவள் சிரிக்கவில்லை.

அந்த மாதம் எங்களுக்கு ஒரு பொறுப்பான வேலை வந்திருந்தது. காங்கேசன்துறைப் பக்கமிருந்து இடம்பெயர்ந்து பள்ளிக்கூடங்களில் தங்கியிருந்த குடும்பங்களின் பெயர்ப்பட்டியல். வெள்ளிக்கிழமை அதை அச்சடித்துக் கொடுத்தால்தான் அவர்களுக்கு அரிசியும் பருப்பும் வரும். எட்டுப் பேரும் பங்குபோட்டு மூன்று கிழமை தட்டி, ஆளுக்கொரு கோப்பாகத் தங்கள் பெயரிலேயே ஆங்கில எழுத்தில் சேமித்திருந்தார்கள். பிரதி எடுத்து வைக்க ஒரு பிளொப்பி டிஸ்க்கூடக் கிடைக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை 'கோப்புகளை அழிப்பது எப்படி' என்ற பாடம். கொம்பியூட்டரில் பழகுவதற்கென்று வைத்திருந்த அறைக்குள் போய்விட்டதாக நினைத்துக்கொண்டு, 'எல்லாவற்றையும் அழி' என்று தட்டினேன். நாங்கள் சொல்லி வைக்காவிட்டால், எந்த அறைக்குள் நிற்கிறோம் என்பதை மூன்று தசம் மூன்று திரையில் காட்டாது. ஆனாலும் ஒரு மரியாதைக்கு, 'நிச்சயம்தானா?' என்று கேட்டது.

"உது கேக்கும். நாங்கள் பயப்பிடக் கூடாது," என்று சொல்லி, வீணை மீட்டுபவன்போல ஒற்றை விரலால் சம்மதம் கொடுத்தேன்.

நான் நின்றது பட்டியல் இருந்த அறைக்குள்.

கோப்புகளைக் காட்டச் சொன்னேன். ஒன்றுமில்லை. எத்தனை வீட்டு உலையில் கை வைத்துவிட்டேன்! எதையாவது தட்டிப் பார்ப்போம் என்று விரலை நீட்டினேன்.

"தொடாதேங்கோ, சேர்." அதே பெண். எழுந்து வந்து மெசினை நிற்பாட்டினாள். "அழிச்சாலும் பைல் உடனை போகாது. பேரின்ரை முதல் எழுத்தைத்தான் டொஸ் எடுக்கும். மேலை வேறை ஒண்டும் எழுதாட்டி மிச்சம் அப்பிடியே கிடக்கும். அஞ்சிலை அதைத் திருப்பி எடுக்கக் கட்டளை இருக்கு."

"உமக்கெப்பிடித் தெரியும்?"

"சாவகச்சேரியிலை பெரியம்மாவின்ரை மகன் வைச்சிருக்கிறார். அவரின்ரை புத்தகத்தை வாசிச்சனான். கடிதம் தாறன், போய் வாங்கிக்கொண்டு வாங்கோ. அந்த டிஸ்க்கைப் போட்டுத்தான் மெசினைத் தொடங்கோணும். மறந்திடாதேங்கோ."

எதிர்க்காற்றில் கைதடி வெளியைச் சைக்கிளில் கடந்தபோது என் வாழ்நாளில் முதல்முறையாக வாயை மூடிக்கொண்டு ஒன்றரை மணித்தியாலம் இருந்தேன். சாவகச்சேரி அண்ணை கடிதத்தை இரண்டு தரம் வாசித்தார். இரண்டு தரமும் சிரித்தார்.

"தங்கச்சி சொன்னால் சரியாத்தான் இருக்கும். அவள் சொன்னதை மட்டும் செய்யுங்கோ. நீங்களாய் ஒண்டும் யோசிக்காதேங்கோ," என்று டிஸ்க்கைப் பொலித்தீன் பையில் சுற்றித் தந்தார்.

மறுநாள் காலை, மாணவர்கள் வருமுன் எல்லாவற்றையும் மீட்டு வீரனாக நிற்க ஆசைப்பட்டு, தனியாகப் போனேன். அவள் சொன்னதை மறந்து மெசினைப் பழையபடியே தொடங்கி, புதுக் கட்டளையைக் கொடுத்தேன். 'பிழையான டொஸ் வேர்ஷன்' என்றது திரை. (பூரணம் என்று நான் பாடிய மூன்று தசம் மூன்றைத்தான் சொன்னது.) பிறகு ஐந்தைப் போட்டுத் தொடங்கினேன்.

அந்த ஐந்தை என்னவென்று புகழ்வது! முதல் எழுத்துப் போன பெயர்களை ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து காட்டி, 'இதன் முதல் எழுத்து என்ன?' என்று பொறுமையாகக் கேட்டது. குற்றம் சொல்லாமல் நோயைக் கேட்கிற நல்ல வைத்தியர்போல. 'உமார்' என்று கிடந்ததற்கு 'கே' கொடுத்தேன். குமார் எழும்பி வந்தான். 'எல்வி'க்கு 'எஸ்', செல்வி வந்தாள். கடைசியில் 'அலினி' வந்தது. யோசிக்காமல் 'எம்' தட்டினேன். எட்டும் வந்துவிட்டன. யாருமில்லாத அறையில் மெசினைப் பார்த்துக் கும்பிட்டேன்.

மாணவர்கள் வந்து அவரவர் கோப்பைத் திறந்து பார்த்தார்கள். ஒரு பெயர்கூடக் குறையவில்லை. அவள் மட்டும் திரையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"சேர், என்ரை பைல் இல்லை."

"கிடக்குதே, மாலினி. கடைசியாய்ப் பாரும்."

"அது மாலினி. என்ரை பேர் நளினி."

"முதலே சொல்லியிருக்கலாமே?"

"மூண்டு மாதமாய்ச் சொல்லுறன், சேர். நீங்கள் ஒவ்வொருக்காலும் 'ஓம், மாலினி' எண்டுறியள்."

வகுப்பு சிரித்தது. இந்த முறை அவளும் சிரித்தாள். பிறகு உட்கார்ந்து, ஒரே வரிக் கட்டளையில் தன் பெயரைத் தானே திருத்தினாள். வெள்ளிக்கிழமை பட்டியல் போய்ச் சேர்ந்தது. அடுத்து டொஸ் ஆறு வந்தபோது வகுப்பு எடுத்தது அவள். முன்வரிசையில் இருந்து குறிப்பு எடுத்தது நான்.

அவளைப் பெண் கேட்டுப் போன அன்று பெயரை உள்ளங்கையில் எழுதிக்கொண்டு போனேன். சாவகச்சேரி அண்ணைதான் எனக்காகக் கதைத்து, வீட்டாரைச் சம்மதிக்க வைத்தார்.

இன்றைக்கும் கோயிலில் அர்ச்சனைக்கு ஐயர் பெயர் கேட்டால், நான் வாய் திறக்குமுன் மகள் முந்திவிடுகிறாள்: "அம்மாவின்ரை பேருக்கு முதல் எழுத்து 'ந', ஐயா. அப்பாவைக் கேக்காதேங்கோ."