கயிற்றை விட்டவன் காசு

பெண்டாட்டியைப் பயமுறுத்தியே தீர்வது என்று சிவனணைந்தபெருமாள் ஒரு புரட்டாசி மத்தியானம் முடிவெடுத்தான். கல்யாணமான நாளிலிருந்து சந்தனச்செல்வியைக் கேட்காமல் அவன் எடுத்த முதல் முடிவு அது. அதனாலேயே அவனுக்கு உள்ளங்கை வேர்த்தது.

பெருமாளுக்குத் துறைமுகத்தில் ஒரு கப்பல் ஏஜென்ட் ஆபீசில் வேலை. வீடு முத்தையாபுரத்தில், உப்பளத்தை ஒட்டின கடைசித் தெருவில். கொல்லைக் கதவைத் திறந்தால் பாத்தி பாத்தியாக வெள்ளை. உச்சி வெயிலில் அந்தப் பக்கம் யாராவது நடந்து போனால் கானல் காலைத் தின்றுவிடும். இடுப்புக்கு மேலே மட்டும் ஒரு ஆள் மிதந்து போவது போலத் தெரியும். புதிதாகக் குடிவந்தவர்கள் கொஞ்ச நாள் கதவைச் சாத்தியே வைப்பார்கள். பிறகு பழகிவிடும்.

பெருமாளுக்கு உலகத்தில் இரண்டு விஷயங்கள் உயிர். ஒன்று செல்வி. அதை அவளுக்கு முன்னால் சொல்வான். இன்னொன்று பீரோவின் மேல்தட்டில் பிஸ்கட் டப்பாவுக்குள் இருக்கும் வெள்ளிக்காசுகள். அதை யாரிடமும் சொல்ல மாட்டான். டப்பாவுக்கு ராஜா ஒரு டச்சுக்காரன் காலத்துக் காசு. வாளை ஓங்கியபடி குதிரையில் ஒருவன் பாய்வான். இருநூறு வருஷத்துக்கு மேலாக அந்தக் காசின்மேல் படிந்திருந்த கருநீல மங்கல்தான் அதன் அழகே. பெருமாள் அதை விளிம்பில் மட்டும் பிடிப்பான். மூச்சுக்கூடக் காசின்மேல் படாமல் முகத்தைத் திருப்பிக்கொள்வான். விரல் நுனியில் நிறுத்தி இன்னொரு காசால் மெல்லத் தட்டினால் 'ணிங்' என்று ஒரு சத்தம் எழும்பி, அறையை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் அடங்கும். பெற்ற பிள்ளையின் குரலைத் தாய் அறிவது போல அந்தச் சத்தத்தை அவன் அறிவான்.

வினை பெருமாளின் தங்கை சண்முகசுந்தரி வழியாக வந்தது. அவள் பையனுக்கு முடியிறக்கிக் காது குத்து. தாய்மாமன் மடியில்தான் பிள்ளை உட்காரும். தாய்மாமன்தான் வெள்ளி அரைஞாண் போட வேண்டும். செல்வி யோசித்தாள். வெள்ளி விலை கேட்டால் நகைக்கடைக்காரனே தண்ணீர் குடிக்கிறான், டப்பா நிறைய வெள்ளி கறுத்துப்போய்ச் சும்மா கிடக்கிறது, அந்தப் பெரிய காசு ஒன்றை உருக்கினாலே பிள்ளை இடுப்புக்கு ஆச்சே என்றாள். வாழைக்காய் நறுக்கலாமா கத்தரிக்காய் நறுக்கலாமா என்று கேட்கிற குரலில் அதைச் சொன்னாள். பெருமாளுக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் காசு சேர்க்கிறவர்கள் சங்கத்துக்குப் போய் முறையிட்டான். மூடிக்கிடந்த ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டின் மாடிதான் சங்கம். நாசரேத் ஊர்க்காரர் தனராஜ் சார், ரிட்டையரான டிராயிங் வாத்தியார், அதற்குத் தலைவர் மாதிரி. சாகுபுரத்திலிருந்தும் உடன்குடியிலிருந்தும் ஆட்கள் பஸ் பிடித்து வருவார்கள். காசை ஒருவருக்கொருவர் காட்டிப் பெருமூச்சு விடுவார்கள். அந்தச் சங்கத்துக்கு எழுதாத சட்டம் ஒன்று உண்டு. ஒருத்தன் வீட்டில் என்ன பொய் சொன்னாலும் மற்றவனெல்லாம் அதற்குச் சாட்சி. விலை கொடுத்து வாங்கின காசை 'மாத்திக்கிட்டது' என்று சொல்லி அங்கே எத்தனையோ குடும்பங்கள் பிழைத்திருக்கின்றன.

விஷயத்தைக் கேட்டு எல்லாரும் சாவு வீட்டில் உட்கார்ந்தது போல உட்கார்ந்தார்கள். கடைசியில் தனராஜ் சார் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, "பயமுறுத்திரும் பெருமாள்," என்றார். "என் வீட்டுல ஒரு விக்டோரியா ராணி பத்திரமா இருக்கா. காலரால செத்தவன் வாயில இருந்து எடுத்ததுன்னு என் வீட்டுக்காரி ஜீவமணிகிட்டச் சொல்லியிருக்கேன். தூசி தட்டக்கூட அவ அந்தப் பக்கம் போறதில்ல."

பெருமாள் அன்றைக்கு மத்தியானமே கதையைச் சொன்னான். கரண்ட் இல்லை. கொல்லைக் கதவுக்கு வெளியே உப்பு வெளிச்சம். செல்வி சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

முத்துக்குளிக்கிற காலம். கல்லைக் காலில் கட்டிக்கொண்டு ஒருத்தன் கடலுக்குள் இறங்குவான். மேலே படகில் ஒருத்தன் அவன் கயிற்றைப் பிடித்திருப்பான். கயிற்றை ஆட்டினால் இழுக்க வேண்டும். அது ஒன்றுதான் வேலை. உள்ளே போகிறவனுக்கு அந்தக் கைதான் உயிர். ஒருநாள் படகில் வந்த டச்சுக்காரத் துரை, விளையாட்டுக்கு ஒரு வெள்ளிக்காசைச் சுண்டிவிட்டான். கயிறு பிடித்தவன் வலது கையை விட்டு அதைப் பிடித்தான். பிடித்துவிட்டான். ஆனால் கயிறு வழுக்கிவிட்டது. கீழே போனவன் வரவில்லை. கயிறு பிடித்தவன் துரை முகத்தைப் பார்த்தான், காசைப் பார்த்தான், அப்படியே குதித்துவிட்டான். அவனும் வரவில்லை. ரொம்ப வருஷம் கழித்து யாரோ போட்ட வலையில் ஒரு கை எலும்பு வந்தது. விரலெல்லாம் மூடியபடி. பிரித்துப் பார்த்தால் உள்ளே இந்தக் காசு.

"இதைத் தீயில காட்டினா அவன் கயிறைத் தேடிக்கிட்டு வருவானாம்," என்று முடித்தான் பெருமாள். அவனுக்கே கழுத்தில் மயிர் நின்றது. அவ்வளவு நன்றாகச் சொல்லுவோம் என்று அவன் எதிர்பார்க்கவில்லை.

செல்வி வெங்காயத்தைக் கீழே வைத்தாள். கண்ணில் நீர். அது வெங்காயமா கதையா என்று அவனுக்குத் தெரியவில்லை.

"அவன் பேரு என்ன?"

அதை அவன் யோசித்து வைக்கவில்லை. வாய் தானாகத் திறந்தது. "மாசானம்," என்றான். எங்கிருந்து வந்த பெயர் என்று அவனுக்கு விளங்கவேயில்லை.

செல்வி உடனே தனராஜ் சாருக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரை அமுக்கிக் கேட்டாள். சட்டம் தெரிந்த மனிதர். என்ன கதை என்று கேட்காமலே, "ஆமாம்மா, நானும் கேள்விப்பட்டிருக்கேன்," என்றார் கம்மின குரலில். பெருமாள் உள்ளுக்குள் நட்பை எண்ணி நெகிழ்ந்தான்.

ஆனால் ஒன்றை அவன் மறந்துவிட்டான். பெண்டாட்டி எந்த ஊர்க்காரி என்பதை. செல்வி ஏரலுக்கு அக்கரையில் பிறந்தவள். அவர்கள் பக்கத்தில் ஆயுசு முடியாமல் செத்தவனை யாரும் விரட்டுவதில்லை. கூப்பிட்டு உட்காரவைத்து, வயிற்றுக்குப் போட்டு, என்னப்பா வேணும் என்று கேட்பார்கள். பயப்படுவது மரியாதைக் குறைவு.

அவள் கை கழுவிவிட்டுக் கருப்பட்டிக் காபி போட்டாள். பெருமாள் கையை நீட்டினான். டம்ளர் அவனைத் தாண்டிப் போய்ப் பீரோ முன்னால் உட்கார்ந்தது. "உப்புத் தண்ணியே குடிச்சுக்கிட்டுக் கெடந்த புள்ள," என்றாள்.

சாயங்காலம் டம்ளர் காய்ந்திருந்தது. அடியில் கொஞ்சம் மணல்.

பெருமாள் மனசுக்குள் சிரித்துக்கொண்டான். குடித்தவள் யாரென்று தெரியாதா. நடிக்கட்டும். காசு பிழைத்தால் சரி. அடுத்தடுத்த நாட்களில் வீட்டில் காபி நன்றாக இருந்தது, ஆனால் பெருமாளுக்கு இரண்டாம் டிகாக்‌ஷன்தான் கிடைத்தது. அவியலில் முருங்கைக்காய்த் துண்டு எல்லாம் பீரோ பக்கம் போனது. "மீன் வைக்கலையா?" என்று கேலியாகக் கேட்டான். கடலில் கிடந்தவனுக்கு மீனைக் காட்டுவார்களா என்று அவனைத்தான் ஒரு மாதிரிப் பார்த்தாள்.

பிறகு ஒரு விடியலில் பால் வாங்க எழுந்தவன் காலை ஈரத்தில் வைத்தான். கொல்லைக் கதவிலிருந்து பீரோ வரைக்கும் ஒற்றைக் கோடாக ஈரம். கால் தடம் இல்லை. நனைந்த கயிற்றை யாரோ இழுத்துக்கொண்டு போன மாதிரி. குனிந்து விரலால் தொட்டு நாக்கில் வைத்தான். உப்பு.

செல்வியை எழுப்பினான். அவள் வந்து பார்த்தாள். துணியை எடுத்து, கல்யாண வீட்டில் சிந்தின பாயசத்தைத் துடைப்பது போலத் துடைத்தாள். "இடம் பழகிட்டுது அவனுக்கு," என்றாள்.

பெருமாளுக்கு இன்னும் சந்தேகம் அவள்மேல்தான். அந்த நம்பிக்கையைப் பிடித்துக்கொண்டுதான் அவன் ஆபீசுக்குப் போய் வந்தான். பிறகு காது குத்து ஏற்பாட்டுக்காகச் செல்வி பக்கத்திலிருக்கிற புதுக்கோட்டைக்கு, சண்முகசுந்தரி வீட்டுக்குப் போனாள். பீரோ சாவி அவள் இடுப்பில் போனது. மத்தியானம் பெருமாள் தனியாகச் சோற்றைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான். காற்று இல்லை. தெருவில் ஒரு நாய்கூட இல்லை. கொல்லைக்கு அப்பால் வெள்ளையில் யாரோ இடுப்புக்கு மேலே மட்டும் தெரிய நின்றுகொண்டிருந்தார்கள். நடக்கவில்லை. நின்றார்கள்.

அப்போது பூட்டின பீரோவுக்குள்ளே 'ணிங்' என்றது.

ஒரு சுற்றுச் சுற்றி, அடங்கியது.

பிசைந்த சோறு கையிலேயே காய்ந்தது. செல்வி பஸ் இறங்கி வந்தபோது அவன் வாசல்படியில் உட்கார்ந்திருந்தான். அவள் நேரே உள்ளே போனாள். பீரோ பக்கம் பேச்சுக்குரல் கேட்டது. அவள் குரல் மட்டும். நடுநடுவே, எதிராளி பேச இடம் விடுவது போல நின்று நின்று கேட்டது. வெளியே வந்து அப்பளம் பொரிக்க எண்ணெய் வைத்தாள்.

"நீங்க கதையை நல்லாத்தான் சொன்னியளாம்," என்றாள். "எல்லாம் சரியாம். வலது கைன்னு சொன்னிய பாருங்க, அது ஒண்ணுதான் தப்பாம். இடது கையாம்."

பெருமாள் அந்த அப்பளத்தைத் தின்னவில்லை.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் காசைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு சங்கத்துக்கு ஓடினான். நடந்ததையெல்லாம் சொல்லி, யாராவது வைத்துக்கொள்ளுங்கள், மாற்றுக்கூட வேண்டாம், சும்மா தருகிறேன் என்று மேசையில் வைத்தான். எட்டணாக் காசுக்காக ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்திருக்கிற இடம் அது. குதிரைக்காரனைப் பார்த்ததும் நாற்காலிகள் எல்லாம் ஒரே சமயத்தில் பின்னால் நகர்ந்தன.

"சார், இது நான் சொன்ன பொய். உங்களுக்குத் தெரியாதா? நீங்கதானே சொல்லச் சொன்னிய," என்று பெருமாள் கெஞ்சினான்.

"பொய்ன்னு தெரியும் பெருமாள்," என்றார் தனராஜ் சார் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு. "ஆனா நான் சாட்சி சொல்லிட்டேன்லா."

உடன்குடிக்காரர் மட்டும் நல்ல மனதோடு கிட்ட வந்து குனிந்து பார்த்தார். கைக்குட்டை ஏன் நனைந்திருக்கிறது என்று கேட்டார். அன்றைக்குச் சங்கம் சீக்கிரம் கலைந்தது.

வீட்டுக்கு வந்து பெருமாள் காசைச் செல்வி கையில் வைத்தான். உன் காலில் விழுகிறேன், இதை வீட்டைவிட்டு வெளியே கொண்டு போ, தீயில் மட்டும் காட்டிவிடாதே, அவன் எங்கே வைக்கச் சொல்கிறானோ அங்கே வை என்றான். செல்வி பீரோவைப் பார்த்துக் கொஞ்ச நேரம் நின்றாள். தலையை ஆட்டினாள். முந்தானையில் முடிந்துகொண்டாள். பெருமாள் அழுதான். போன காசுக்குப் பாதி, போன பயத்துக்குப் பாதி. அன்று முதல் தரை காய்ந்திருந்தது. முதல் டிகாக்‌ஷன் காபியும் அவனுக்கே வந்தது. போனால் போகிறது, ஆற்றிலோ கடலிலோ எங்கேயோ குதிரைக்காரன் முழுசாக இருப்பான் என்று மனசைத் தேற்றிக்கொண்டான்.

காது குத்து தாமிரபரணிக் கரையில், ஒரு சாஸ்தா கோயிலில். மொட்டைத் தலையில் சந்தனத்தோடு பிள்ளையைக் கொண்டுவந்து பெருமாள் மடியில் உட்கார வைத்தார்கள். ஆசாரி ஊசியை எடுத்தார். பிள்ளை திமிறாமல் இருக்கப் பெருமாள் அதன் இடுப்பை அணைத்துப் பிடித்தான். மணிக்கட்டில் சில்லென்று ஏதோ பட்டது. நல்ல வெயில். அது மட்டும் கிணற்றுத் தண்ணீர் போலச் சில்லென்றிருந்தது.

பிள்ளையின் சட்டையை விலக்கிப் பார்த்தான். கறுப்புக் கயிறு. கயிற்றில் குதிரைக்காரன். புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று, நேற்றுச் செய்த பாத்திரம் போல. இருநூறு வருஷத்துக் கருநீலம் ஒரு பொட்டுக்கூட இல்லை. குதிரையின் கழுத்தும் ஓட்டுகிறவன் வாளும் சேருகிற இடத்தில் உருண்டையாக, அழகாக, ஒரு ஓட்டை.

காசு சேர்க்கிறவனுக்கு உருக்கின காசு செத்த காசு. ஓட்டை போட்ட காசு, செத்தும் வீட்டுக்குள் நடமாடுகிற காசு.

ஆசாரி குத்தினார். பிள்ளை வீறிட்டது. பெருமாள் அதைவிட உரக்க வீறிட்டான். சுற்றி நின்ற சொந்தமெல்லாம் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். இப்படி ஒரு தாய்மாமனை இந்தக் காலத்தில் பார்க்க முடியுமா என்று ஒரு கிழவி செல்வியிடம் சொன்னாள்.

கூட்டம் சாப்பாட்டுப் பந்திக்கு நகர்ந்தபோது அவன் செல்வியின் கையைப் பிடித்தான். "ஏளா, என்ன காரியம் செஞ்ச?"

"கேட்டுட்டுத்தான் செஞ்சேன்," என்றாள் அவள். "தீயிலதான் காட்டக் கூடாதுன்னு சொன்னிய. துளை போட்டு ஒரு கயிறுல கோக்கட்டுமான்னு கேட்டேன். கயிறுன்னதும் அவன் முகத்தைப் பாக்கணுமே. புள்ள இடுப்புல இருக்கட்டும், இந்தத் தடவை விட மாட்டேன்னான்."

பெருமாளுக்குப் பொறுக்கவில்லை. இருந்த பயம், வெட்கம், சங்கத்துச் சட்டம் எல்லாவற்றையும் அந்த இடத்திலேயே உதறினான். "மாசானமும் கிடையாது, ஒருத்தனும் கிடையாது. எல்லாம் பொய்ளா. நானாக் கட்டினது."

செல்வி அவன் மடியிலிருந்து பிள்ளையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டாள். அழுதுகொண்டிருந்த பிள்ளை சட்டென்று நிறுத்தியது. பெருமாளுக்குப் பக்கத்தில், யாருமில்லாத இடத்தை, யாரோ பேசுவதைக் கேட்பது போலப் பார்த்தது.

"அப்படியா? நல்லவேளை சொன்னிய," என்றாள் செல்வி. "அப்ப டப்பாவுல மிச்சம் கெடக்கதைப் பயமில்லாம உருக்கிரலாம்."