நாலு லட்சத்துக்கு ஒரு குஷன்

“நாலு லட்சமும் கேஷாவா வேணும்?” என்று கேஷியர் பெண் கேட்டது, வாசலில் நின்ற காவலாளிக்கே கேட்டிருக்கும்.

குஷன் கடைக்காரர் கண்ணாடி ஓட்டைக்குள் முகத்தை நுழைத்தார். “மெதுவாப் பேசும்மா. ஊருக்கே தண்டோரா போடறியே!”

“யாருக்குக் குடுக்கணுமோ அவங்க கணக்குக்கே அனுப்பிடலாம் சார். ஒரு நிமிஷ வேலை.”

“போய்ச் சேரலைன்னா?”

“சேர்ந்துடும் சார்.”

“சேரலைன்னா நீ தருவியா?”

அந்தப் பெண் பணப்பெட்டியைத் திறந்தாள். எட்டுக் கட்டுகளை எடுத்து வைத்தாள். பேங்குக்காரர்கள் எப்போதுமே இப்படித்தான். பணம் போடப் போனால் நாற்காலி காட்டுவார்கள். எடுக்கப் போனால் நம்மைத் திருடனைப் போலப் பார்ப்பார்கள்.

அந்தப் பணம் ஸ்பாஞ்சு முதலாளிக்குப் போக வேண்டியது. இரண்டு வருஷமாகக் கடனுக்கு ஸ்பாஞ்சும் ரெக்சினும் வாங்கி சோபா தைத்த பாக்கி. கடைப் பத்திரம் அவரிடம் அடமானமாக இருந்தது. மூன்று மாதமாக ஒரு துண்டு ஸ்பாஞ்சுகூடத் தராத மனுஷன், நேற்று ஆள்விட்டுச் சொல்லியனுப்பிவிட்டார். “நாளைக்கு சாயந்திரம் அஞ்சு மணி. காசா வரணும். அஞ்சு அடிச்சா கடை எனக்கு.”

குஷன் கடைக்காரர் டெலிவரி வேனை விற்றுத்தான் இதைப் புரட்டினார். மனைவிக்குக் கடனும் தெரியாது, அடமானமும் தெரியாது. வேன் மெக்கானிக்கிடம் இருப்பதாகச் சொல்லி வைத்திருந்தார். பெண்டாட்டியிடம் சொல்வதும் பேப்பரில் போடுவதும் அவருக்கு ஒன்றுதான்.

கட்டுகளைத் துணிப்பையில் போட்டு, பையைச் சட்டைக்குள் விட்டு, சட்டையைப் பேண்ட்டுக்குள் செருகிக்கொண்டு வெளியே வந்தார். ஒல்லியாக உள்ளே போனவர் தொந்தியோடு திரும்பியதைக் காவலாளி ஏற இறங்கப் பார்த்தான். அவனையும் நம்புவதற்கில்லை.

வாசலில் ஒருவன் மோட்டார் சைக்கிளில் ஹெல்மெட்டோடு உட்கார்ந்திருந்தான். நிற்கிற வண்டியில் எதற்கு ஹெல்மெட்? அவர் நடந்தார். மோட்டார் சைக்கிள் பின்னால் உருண்டு வந்தது. அவர் கடைத்தெருவில் திரும்பினார். அதுவும் திரும்பியது.

ஓட்டமாகக் கடைக்குள் புகுந்து ஷட்டரை இறக்கினார்.

பை என்றால் எவனும் பிடுங்குவான். குஷனை எவன் பிடுங்குவான்? சுவரோரம் ஒரு ஆர்டருக்குத் தைத்த ஆறு நீலக் குஷன்கள் அடுக்கியிருந்தன. மேலே இருந்ததைப் பிரித்தார். உள்ளே இருந்த ஸ்பாஞ்சைக் குடைந்து எறிந்துவிட்டு, எட்டுக் கட்டுகளையும் திணித்தார். மெஷினை ஓட்டினால் தெருவுக்குக் கேட்கும் என்று கையாலேயே தைத்து மூடினார். அடையாளத்துக்கு மூலையில் சாக்பீஸால் ஒரு புள்ளி. போனை வைத்து நாம் இருக்கிற இடத்தைக் கண்டுபிடித்துவிடுகிறார்களாம், அதனால் போனையும் அணைத்தார்.

பிறகு கடையைப் பூட்டி, பூட்டை மூன்று தடவை இழுத்துப் பார்த்துவிட்டு, ஹெல்மெட்காரனை வேவு பார்க்கக் கிளம்பினார்.

அவன் அடுத்த சந்தில் சலூன் வாசலில் வண்டியை நிறுத்தியிருந்தான். இவர் ஒரு குப்பை லாரிக்குப் பின்னால் மறைந்து முக்கால் மணி நேரம் நின்றார். ஈ மொய்த்தது. ஹெல்மெட்காரன் முடி வெட்டிக்கொண்டு, கழுத்தைத் துடைத்துவிட்டு, விசிலடித்துக்கொண்டே போய்விட்டான்.

கடைக்குத் திரும்பினால் மெஷின் மேல் சாப்பாட்டு டப்பா. இன்னொரு சாவி மனைவியிடம் இருப்பதை மறந்தே போயிருந்தார். அடுக்கைப் பார்த்தார். புள்ளி வைத்த குஷன் வைத்த இடத்திலேயே இருந்தது. அமுக்கினார். கெட்டியாக இருந்தது.

“நல்லவேளை, இவளுக்கு ஒரு மண்ணும் தெரியாது” என்று மூச்சுவிட்டார்.

டாக்ஸிக்காரன் கண்ணாடியில் பின்சீட்டையே பார்ப்பான் என்று பஸ் ஏறினார். குஷனை இரண்டு கையாலும் மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார். முன்சீட்டில் நிறைமாதக் கர்ப்பிணி ஒருத்தி இடுப்பைப் பிடித்துக்கொண்டு நெளிந்தாள்.

“அண்ணே” என்றார் கண்டக்டர், “அந்தக் குஷனை அந்தப் பொண்ணு முதுகுக்குக் குடுங்க. பாவம், பலகை சீட்டு.”

“இது தர்றதுக்கில்ல.”

“ஏன், உள்ள தங்கமா வெச்சுத் தைச்சிருக்கீங்க?”

பஸ் முழுக்கச் சிரித்தது. குஷன் கடைக்காரருக்கு உடம்பெல்லாம் வியர்த்துவிட்டது.

“புள்ளத்தாச்சிக்கு ஒரு குஷன் தர மனசில்ல” என்றது ஒரு குரல்.

“பாருங்க, எப்படிக் கட்டிப் பிடிச்சிருக்கார்! பொண்டாட்டியக்கூட இப்படிப் பிடிச்சிருக்க மாட்டார்.”

இன்னும் கொஞ்சம் விட்டால் பிரித்தே பார்ப்பார்கள். கொடுத்துவிட்டார். “என் ஸ்டாப் வந்ததும் வாங்கிப்பேன்” என்று நாலு தடவை சொன்னார்.

ஸ்டாப் வந்தது. அதற்குள் அவளுக்கு வலியும் வந்துவிட்டது. குஷனை வயிற்றோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, “ஐயோ அம்மா!” என்று கத்தினாள். அவர் ஒரு மூலையைப் பிடித்து மெதுவாக இழுத்தார். அவள் பிடியை விடவில்லை. கண்டக்டர் இரட்டை விசில் கொடுத்தார். பஸ் எங்கும் நிற்காமல் நேரே ஆஸ்பத்திரிக்குப் பறந்தது.

அவளை உள்ளே கொண்டுபோனார்கள். குஷனும் அவளோடு உள்ளே போனது. வாசலில் ஒரு நர்ஸ் கையை நீட்டி மறித்தாள்.

“நீங்க யாரு?”

“அந்தக் குஷன்...”

“பேஷண்ட்டுக்கு நீங்க யாருன்னு கேட்டேன்.”

மணி நாலு. யோசிக்க நேரமில்லை. “அண்ணன்” என்றார்.

“அண்ணனா? அப்ப இதுல கையெழுத்துப் போடுங்க. முன்பணம் கட்டிட்டு வாங்க.”

“எங்கிட்டப் பணமே இல்லம்மா!”

“தங்கச்சி பிரசவத்துக்கு வந்திருக்கீங்க, வெறுங்கையோடவா வந்தீங்க?”

நாலு லட்சத்துக்குச் சொந்தக்காரர் எல்லாப் பாக்கெட்டையும் தடவினார். பஸ் காசு, கடைச் சில்லறை, கைக்கடிகாரம் என்று எல்லாவற்றையும் மேஜைமேல் வைத்தார். நர்ஸ் ஒரு பெருமூச்சு விட்டாள். கடிகாரத்தை மட்டும் அவர் பக்கம் தள்ளிவிட்டு, மிச்சத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் குஷனைக் கொண்டுவந்து கொடுத்தாள். அவருக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

“அழாதீங்க, தங்கச்சிக்கு நல்லபடியா ஆயிடும்” என்றாள்.

அந்த நேரம் பார்த்து அந்தக் கர்ப்பிணியின் புருஷன் ஓடி வந்தான். நர்ஸ் அவனிடம், “கவலைப்படாதீங்க, உங்க மச்சான்தான் கூட்டிட்டு வந்தாரு” என்று இவரைக் காட்டினாள்.

அவன் இவரை மேலும் கீழும் பார்த்தான். “மச்சானா? என் பொண்டாட்டிக்கு அண்ணனே கிடையாதே! யாருய்யா நீ?”

குஷனை இடுக்கிக்கொண்டு அவர் ஓட ஆரம்பித்தார்.

“பிடிங்க! குஷன் திருடன்! பிடிங்க!”

காலையிலிருந்து திருடனுக்குப் பயந்து ஒதுங்கிய மனுஷன், இப்போது அந்தப் பெயரோடு நடுரோட்டில் ஓடினார். இரண்டு பேர் துரத்தினார்கள். ஒரு நாயும் சேர்ந்துகொண்டது. ஆட்கள் சீக்கிரமே நின்றுவிட்டார்கள். நாய்க்குத்தான் நியாய உணர்ச்சி அதிகம், மார்க்கெட் வரைக்கும் விடவில்லை. பஸ்ஸுக்குக் காசும் இல்லை. ஆறு ஸ்டாப் தூரத்தையும் ஓடியும் நடந்தும் கடந்தார்.

ஸ்பாஞ்சு முதலாளியின் ஆபீசுக்குள் நுழைந்தபோது மணி அஞ்சாக மூன்று நிமிஷம். முதலாளி மதியத் தூக்கம் முடித்து, முகம் கழுவி, அப்போதுதான் வந்து உட்கார்ந்திருந்தார்.

“வாய்யா! வரமாட்டேன்னு நெனச்சேன். பேங்க்குக்குப் போன கணக்குப்பிள்ளையை வேற இன்னும் காணோம், இல்லாட்டி உன் கடைக்குப் பூட்டு வாங்கிட்டு வரச் சொல்லியிருப்பேன். எங்க பணம்?”

பேச மூச்சு வரவில்லை. குஷனை மேஜைமேல் வைத்துத் தட்டிக் காட்டினார்.

“என்ன, கடனுக்குக் குஷன் தைச்சுக் குடுக்கறியா?”

“உள்ள... எல்லாம் உள்ள இருக்கு. கத்திரி குடுங்க.”

முதலாளி மேஜைமேல் கிடந்த கத்திரியை நகர்த்தினார். குஷன் கடைக்காரர் நீலத் துணியை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நெடுகக் கிழித்தார். கையை விட்டார். ஒரு பிடி எடுத்து மேஜைமேல் போட்டார்.

ரெக்சின் துண்டு. பழைய திரைச்சீலைக் கிழிசல். ஒரு காக்கி ஜிப்பு.

இரண்டு கையையும் விட்டு அள்ளினார். கந்தல்தான் வந்தது. முழங்கை வரை விட்டுத் துழாவினார். குஷனைத் தலைகீழாகத் தூக்கி உதறினார். அறை முழுக்க நூல் பறந்தது.

“ஹெல்மெட்காரன்...” என்றார். “இல்ல, அந்த நர்ஸ்! இல்லல்ல, அந்தக் கண்டக்டர். அப்பவே கேட்டான், உள்ள தங்கமான்னு...”

“இதுதான் நாலு லட்சமா?” முதலாளி எழுந்தார். “என்னை என்னன்னு நெனச்ச? மணி அஞ்சு. பத்திரத்தை எடுக்கறேன்.”

“முதலாளி, முப்பது வருஷக் கடை. தெருவுல நிக்க வெச்சுடாதீங்க. என் பொண்டாட்டிக்கு நான் என்ன சொல்லுவேன்? அவளுக்கு இந்தக் கடன் இருக்கறதே தெரியாது.”

கந்தலுக்கு நடுவே தரையில் உட்கார்ந்துவிட்டார். முதலாளி அலமாரியைத் திறந்தார்.

கதவைத் தள்ளிக்கொண்டு கணக்குப்பிள்ளை உள்ளே வந்தார். பேங்க் சீட்டை முதலாளியின் மேஜைமேல் வைத்தார். தரையில் கிடந்த நீலத் துணியைப் பார்த்ததும் உச்சுக்கொட்டினார்.

“அடடா, கிழிச்சுட்டீங்களா அண்ணே? நேத்து உங்க ஆள் வந்தப்பவே கடன் விஷயம் காதுல விழுந்துடுச்சு, இன்னிக்குக் கைத்தையலைப் பார்த்துச் சந்தேகப்பட்டுப் பிரிச்சேன்னு சொல்லி, உங்க வீட்டம்மா ரெண்டரைக்கே பஸ்ல கொண்டாந்து முழுசா கட்டிட்டாங்க. உங்க போன் அணைஞ்சு கிடந்துச்சாம், நீங்க வந்தா அந்தக் குஷனை மட்டும் கிழிக்க விடாதீங்க, நாளைக்கு டெலிவரின்னு படிச்சுப் படிச்சுச் சொல்லிட்டுப் போனாங்க!”