ஸ்டைனர் பாதியில் விட்ட காரியங்கள்

பேரன்புக்கும் பெருமதிப்புக்கும் உரிய ஹல்வர் மாமா அவர்களுக்கு, உங்கள் அக்கா மகள் குன்வோர் பணிவுடன் எழுதிக்கொள்வது.

இங்கே நான், ஸ்டைனர், குழந்தை லிவ் மூவரும் நலம். அங்கே நீங்களும் உங்கள் வலது முழங்காலும் நலமென நம்புகிறேன். லிவ்வுக்குப் புதுப் பல் முளைத்துக்கொண்டிருப்பதால் 'நலம்' என்று எழுதியதைக் கொஞ்சம் குறைத்தே படித்துக்கொள்ளவும். படுக்கப் போகும் நேரம் எப்போதோ தாண்டிவிட்டது. வெளியே கோடை வெளிச்சம் போவதாக இல்லை, உள்ளே இவள் தூங்குவதாக இல்லை. இடது கையால் தொட்டிலை ஆட்டிக்கொண்டு வலது கையால் எழுதுகிறேன். எழுத்து ஆடினால் அது குழந்தையின் ஆட்டம், என் மனசின் ஆட்டம் வேறு.

நிற்க. உங்கள் கடிதம் கிடைத்தது. நாலே வரி. "சனிக்கிழமை ஸ்டைனர் முதல் தடவையாகப் பாறையிலிருந்து பாராசூட்டோடு குதிக்கலாமா என்று நான் முடிவு செய்ய வேண்டும். வானத்தில் அவன் எப்படி என்று எனக்குத் தெரியும். வீட்டில் எப்படி என்று உனக்குத்தான் தெரியும். அவன் எதையாவது பாதியில் நிறுத்தியதுண்டா? உண்டென்றால் எழுது." அவ்வளவுதான். குழந்தை எப்படி இருக்கிறாள் என்று ஒரு வார்த்தை கிடையாது. போகட்டும். உங்களிடம் பாறையிலிருந்து குதிக்கக் கற்க வருகிறவர்களின் வீட்டுக்கெல்லாம் இப்படி எழுதுவீர்கள் என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். நமக்கும் வரும் என்று நான்தான் நினைத்துப் பார்க்கவில்லை. முதலில் கோபம் வந்தது. இது என்ன நியாயம் மாமா? என் புருஷன் உயிரோடு இறங்குவானா என்கிற கேள்விக்கு என்னையே பதில் எழுதச் சொன்னால், நாளைக்கு ஏதாவது ஆனால் நான் யார் முகத்தில் விழிப்பேன்? வேண்டாம் என்று எழுதினால் அவன் முகத்தில் விழிக்க முடியாது, சரி என்று எழுதினால் என் முகத்திலேயே விழிக்க முடியாது. நான் பெர்கனில் புள்ளியியல் படித்தவள். தகவல் நிறைய இருந்தால் முடிவு தானாக வரும் என்றுதான் சொல்லிக்கொடுத்தார்கள். இங்கே தகவல் வீடு முழுக்கக் கொட்டிக் கிடக்கிறது, முடிவைத்தான் காணோம்.

ஆனால் உங்கள் கேள்வியைத் திரும்பப் படித்ததும் ஒரு தெம்பு வந்தது. பாதியில் நிறுத்தியதுண்டா என்றா கேட்கிறீர்கள்? மாமா, அவன் முழுசாகச் செய்தது எது என்று கேட்டிருந்தால் ஒரு தபால் அட்டையில் முடித்திருப்பேன்!

வேலியிலிருந்து ஆரம்பிக்கிறேன். மே பதினேழுக்குள் வேலி வெள்ளையாக இல்லாவிட்டால் இந்த ஊரில் தலைகாட்ட முடியுமா? தேசிய தினக் கொடி ஏற்றுகிற நாளில் ஊரே நம் வாசல் வழியாகத்தான் ஊர்வலம் போகிறது. அதற்கு முந்தின ஞாயிறு பெயின்ட் வாளியோடு இறங்கினான், பாதி வேலி ஆனதும் மேற்கே ஒரு பார்வை பார்த்தான், தூரிகையைக் கழுவி வைத்துவிட்டு உள்ளே வந்து காப்பி கேட்டான். "என்ன, முடிஞ்சுதா?" என்றேன். "இல்ல, இன்னைக்கு இவ்வளவுதான்" என்றான். பக்கத்து வீட்டு ஆஸ்லாக் அன்று விடாமல் அடித்து முடித்தார் மாமா, முழு வேலியும். சாயங்காலம் மழை பிடித்து அவருடைய பெயின்ட் எல்லாம் வழிந்து அவர் மனைவியின் துலிப் பூக்கள் மேல் இறங்கி வெள்ளைத் துலிப்பாகிவிட்டது, அது வேறு விஷயம். ஊர்வலம் போகும்போது நம் வேலிதானே பாதி வெள்ளை பாதி சாம்பலாக நின்றது? பள்ளிக்கூட வாத்தியக் குழுவில் டிரம்பெட் வாசிக்கிற பையன் அதைப் பார்த்துச் சிரித்துச் சுருதியை விட்டுவிட்டான்.

அதற்கு முன்னால் ஈஸ்டர். குடும்பத்தோடு பனிச்சறுக்கில் மலைக் குடிலுக்குக் கிளம்பினோம். என் மாமியார் ஒரு மாதமாகத் திட்டமிட்டது. அவர் பையில் ஆரஞ்சு, சாக்லேட், சீட்டுக்கட்டு, என் முதுகில் லிவ். பாதி தூரம் போயிருப்போம், ஸ்டைனர் நின்றான். காற்றை மோந்து பார்த்தான். "திரும்பலாம்" என்றான். வானம் கண்ணாடி மாதிரி இருந்தது மாமா!

"டேய், குடில் அதோ கண்ணுக்குத் தெரியற தூரம்டா" என்றார் மாமியார்.

"தெரியுதும்மா. திரும்பலாம்."

"உங்கப்பாவா இருந்தா இந்நேரம் அடுப்பு மூட்டியிருப்பாரு."

"அப்பா இருந்தா நீ அவரைத் திட்டிக்கிட்டே வந்திருப்பே. திரும்பும்மா."

ஈஸ்டர் ஆரஞ்சைக் கார் நிறுத்துமிடத்தில் உட்கார்ந்து உரித்துத் தின்றோம். அன்று மத்தியானத்துக்கு மேல் மலையில் அடித்த பனிப்புயலில் இரண்டு குடும்பங்களை மீட்புக்குழு போய்த்தான் இறக்கியது என்பது உண்மைதான், அதை நான் மறைக்கவில்லை. ஆனால் கேள்வி அதுவல்லவே. பாதியில் நிறுத்தினானா இல்லையா? நிறுத்தினான். மாமியார் இன்னும் அவனோடு சீட்டாடுவதில்லை.

இனி பாராசூட். இந்த வீட்டில் கூடம் என்று ஒன்று இருந்தது, இப்போது அது பாராசூட் மடிக்கிற இடம். சோபாவை மாடிப்படிக்கடியில் தள்ளியாயிற்று. விமானத்திலிருந்து குதிக்கிற காலத்தில் கிளப்பிலேயே மடித்துவிட்டு வருவான், நானும் நிம்மதியாக இருந்தேன். அப்போது முதுகில் இரண்டு பாராசூட் இருக்கும், ஒன்று சரியில்லாவிட்டால் இன்னொன்று, இரண்டையும் யோசித்துத் திறக்க வானம் முழுக்க இடம் இருக்கும். பாறைக்கு ஒன்றே ஒன்றுதானாம், யோசிக்கவும் இடம் கிடையாதாம், அதனால் வீட்டில் ஆற அமர மடிக்கிறான். ஒரு நாள் மத்தியானம் பூராவும் முட்டி போட்டு, ஒவ்வொரு மடிப்பையும் தடவி, கிளிப் போட்டு, கிளிப் எடுத்து, கடைசியில் பையை மூடி முதுகை நிமிர்த்தினான். அந்த நேரம் பார்த்து லிவ் அழுதாள். அவள் வாயில் வைத்துச் சப்புகிற ரப்பர் சூப்பானைக் காணோம். அவள் அதுவரை அந்தத் துணிமேல்தான் தவழ்ந்துகொண்டிருந்தாள்.

பிரித்துப் பார் என்று நான் சொல்லவே இல்லை மாமா. அவன் பையைப் பார்த்தான், லிவ்வைப் பார்த்தான், மறுபடி பையைப் பார்த்தான். ஒரு பெருமூச்சு. முழுவதையும் பிரித்துக் கூடம் பூராவும் பரப்பிவிட்டான். உள்ளே சூப்பான் இல்லை. அது என் ஸ்வெட்டர் பையில் இருந்தது. எடுத்துக் காட்டினேன். கத்துவான் என்று நினைத்தேன்.

"உன் பையில இருந்துது. சரி. ஆனா உள்ள இருந்திருக்கலாம்ல?" என்றான். முதலிலிருந்து மடிக்க ஆரம்பித்தான்.

ஒரு துணியை ஒழுங்காக மடித்து முடிக்கத் தெரியாதவனை எப்படிப் பாறைமேல் ஏற்றுவீர்கள்? (இந்த இடத்தில் எனக்கே கொஞ்சம் குழப்பமாக இருக்கிறது. மடிக்கத் தெரியவில்லையா, மடிக்க மட்டுமே தெரியுமா? எழுதிவிட்டேன், இருக்கட்டும்.)

அப்புறம் அவன் கை. பாறையிலிருந்து கால் எடுத்ததும் முதுகுப்பக்கம் கையைக் கொண்டுபோய் ஒரு சின்னக் குடையை இழுத்து வீச வேண்டும், அதுதான் பெரிய குடையைத் திறக்கும் என்று நீங்கள் கற்றுக்கொடுத்தீர்களாம். கற்றுக்கொடுத்ததை எப்படி நிறுத்துவது என்று கற்றுக்கொடுக்க மறந்துவிட்டீர்கள். படி இறங்கினால் வீசுகிறான். பேருந்திலிருந்து இறங்கினால் கையுறையை வீசுகிறான். லிவ்வின் ஞானஸ்நானத்துக்கு நீங்கள் வரவில்லை, அதனால் உங்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். குழந்தை என் கையில், அவளுடைய வெள்ளைக் குல்லாய் இவன் கையில். போதகர் ஆசீர்வதித்து முடித்தார், இவன் பீடத்துப் படியிலிருந்து ஒரு காலை எடுத்து வைத்தான், கை பின்னால் போனது, குல்லாய் பறந்து போய் ஆர்கன் வாசிக்கிற அம்மாவின் கைமேல் விழுந்து, சங்கீதத்தில் இல்லாத ஒரு சுரம் கோவில் முழுக்க ஒலித்தது. போதகர் "ஆமென்" என்றார். வேறு என்ன சொல்வார் பாவம். இது பாதியில் நிறுத்தியதில் சேராது, தெரியும். நிறுத்த முடியாததில் சேரும். தேவைப்பட்டால் அதற்கும் மதிப்பெண் குறைத்துக்கொள்ளவும்.

இனி நான் எழுதப்போவது உங்களுக்குத் தெரியாது. உங்கள் சீடன் விதார் மேல் கோபப்படாதீர்கள், நல்ல பையன், வாய்தான் நீளம். போன ஞாயிறு நீங்கள் முழங்காலை டாக்டரிடம் காட்ட நகரத்துக்குப் போயிருந்தீர்களே, அன்று வழக்கம் போல ஸ்டைனர் பாராசூட்டையும் சுமந்துகொண்டு விதார் கூட்டத்தோடு மலை ஏறினான், பார்த்துப் பழகத்தான். நான் கடைக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, லிவ்வை அவளுடைய சிவப்பு வண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு, அவர்கள் வந்து இறங்குகிற புல்வெளிக்குப் போய் நின்றேன். ஏன் போனேன் என்று கேட்காதீர்கள். மேலே விதார் அவனிடம், "காத்து அருமையா இருக்கு, மடிச்சது உன் கை, ஹல்வர் எப்படியும் சனிக்கிழமை சரின்னுதான் சொல்லப்போறாரு. நான் பேசிக்கறேன், வா" என்றிருக்கிறான். ஒவ்வொருவராகக் குதித்தார்கள். ஒவ்வொரு புள்ளி கிளம்பும்போதும் இதுதான் இவன் என்று வண்டிக் கைப்பிடியை இறுக்கிப் பிடித்தேன். எல்லோரும் இறங்கி, சிரித்து, படகுத்துறைக் கடையில் வாஃபிள் அப்பம் முழுவதையும் தின்று தீர்த்துவிட்டார்கள். இவனைக் காணோம். நான் கற்பனை செய்ததை எழுதினால் காகிதம் தாங்காது. சாயங்காலம் பாராசூட்டை முதுகில் சுமந்துகொண்டு மலைப்பாதை வழியாக நடந்து வருகிறான், முழங்கால் வரைக்கும் சேறு.

"என்ன ஸ்டைனர், பாராசூட்டுக்கு மலையைச் சுத்திக் காட்டிட்டு வர்றியா?" என்று விதார் கத்தினான். எல்லோரும் சிரித்தார்கள்.

"ஆமாடா. அதுக்கு ரொம்பப் பிடிச்சுதாம்" என்று இவனும் சிரித்தான். கடையில் மிஞ்சியிருந்த, வாஃபிள் மேல் வைக்கிற பழுப்புச் சீஸை வெறுமனே தின்றான்.

வீட்டுக்கு வரும் வழியில் கேட்டேன், "பயந்துட்டியா?"

"பயம் எப்பவும் இருக்கு. அது பரவாயில்ல. விளிம்புல நின்னேனா, காத்தைப் பாக்கணும், பாறையைப் பாக்கணும், காலடியைப் பாக்கணும். நான் ஒண்ணும் பாக்கல. கீழ புல்வெளியில ஒரு சிவப்பு வண்டி தெரிஞ்சுது. அதையே பாத்துட்டு நின்னேன். பாக்க வேண்டியதைப் பாக்காத அன்னைக்குக் குதிக்கக் கூடாது."

மாமா, அன்று மழை வரவில்லை. புயல் அடிக்கவில்லை. குதித்தவர்கள் எல்லோரும் பத்திரமாக இறங்கினார்கள். அவன் நிறுத்தியது சரி என்று சொல்ல என்னிடம் ஒரு மேகம்கூட இல்லை. அவன் குதிக்கவில்லை என்ற நிம்மதி, எல்லோரும் சிரித்தார்களே என்ற வெட்கம், ஓர் ஓரத்தில், சொல்லவே கூச்சமாக இருக்கிறது, குதித்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்ற ஏமாற்றம், எல்லாம் ஒரே நேரத்தில் வந்தால் மனுஷி என்ன செய்வாள்? உருளைக்கிழங்கு உரித்தேன். வேண்டியதைவிட அதிகமாக உரித்துவிட்டேன்.

ஆகவே என் முடிவு: வேலியைப் பாதியில், ஈஸ்டரைப் பாதியில், மலையைப் பாதியில் விட்டவன் இவன். இப்படிப்பட்டவனுக்கு அனுமதி கொடுப்பது உங்கள் பெயருக்கு அழகல்ல. தயாரில்லை என்று எழுதிவிடுங்கள். நான் சொன்னதாகச் சொல்ல வேண்டாம்.

முழங்காலுக்குக் கம்பளி சுற்றிக்கொள்ளவும். லிவ் தன் நான்கு பற்களோடும் உங்களுக்கு முத்தம் அனுப்புகிறாள். கர்த்தர் உங்களையும் உங்களோடு மலையேறுகிற எல்லோரையும், குறிப்பாக ஒருவனை, காப்பாராக.

என்றும் உங்கள் அன்பு மருமகள்,
குன்வோர்

பி.கு.: காலை. உறையை ஒட்டிய பிறகு பிரித்து எழுதுகிறேன். ஸ்டைனர் படகு வேலைக்குக் கிளம்ப ரொட்டியில் சீஸ் தடவிக்கொண்டிருந்தான். சும்மா கேட்பது போல, "மாமா எதுக்கு எல்லார் வீட்டுலயும் பாதியில நிறுத்தினதைக் கேக்கறாரு?" என்றேன். "அதுவா? பாதியில நிறுத்தத் தெரியாதவனை அவர் விளிம்புக்கே கூட்டிட்டுப் போக மாட்டாரு. மத்ததெல்லாம் கத்துக்கொடுத்துடலாம், அதை மட்டும் கொடுக்க முடியாதும்பாரு" என்று சொல்லிவிட்டு ரொட்டியைக் காகிதத்தில் சுற்றினான். 'நேரத்தில் திரும்பினால் வெட்கமில்லை' என்று மலையேறுகிறவர்களுக்கான விதியாக இதையேதான் பள்ளிக்கூடத்தில் நானும் ஒப்பித்திருக்கிறேன். குதிக்கிறவர்களுக்கும் அதுதான் என்று யார் கண்டது?

மாமா, மேலே எழுதியது அத்தனையும் பொய். வேலி முழுசாக அடித்தாகிவிட்டது (நீங்கள் வந்து பார்ப்பதற்குள் நானே அடித்துவிடுவேன்). ஈஸ்டருக்குக் குடிலுக்குப் போய்ச் சேர்ந்தோம். சூப்பானே கிடையாது, லிவ் விரல்தான் சூப்புகிறாள். ஸ்டைனர் எடுத்ததை முடிக்காமல் விடாத முரட்டுப் பிடிவாதக்காரன், அவனைக் கிட்டேயே சேர்க்காதீர்கள்.

கடிதத்தைக் கிழித்துப்போட்டுப் புதிதாக எழுதத்தான் உட்கார்ந்தேன். கிழிக்கும் முன் ஒவ்வொரு தாளாகப் படித்துப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி எழுதின தாள் வந்ததும் நிறுத்திவிட்டேன். அதைப் பொய் என்று எழுத என்னால் முடியவில்லை. தபால் படகு வருகிற சத்தம் கேட்கிறது. எல்லாவற்றையும் அப்படியே அனுப்புகிறேன், அந்தத் தாளை மட்டும் படித்தால் போதும்.

சனிக்கிழமை நான் மாமியார் வீட்டில் இருப்பேன். லிவ்வை முதுகில் கட்டிக்கொண்டு போகிறேன். சிவப்பு வண்டி வீட்டிலேயே இருக்கும்.