அப்பாவுக்கு ஒரு கேர்பிளான்

நோயாளிக்குக் கேர்பிளான் எழுதாத நர்ஸ் கிடையாது. நோயே இல்லாதவர்களைப் பிடித்து உட்காரவைத்து எழுதியவள், எனக்குத் தெரிந்து இந்த நாட்டிலேயே ஒருத்திதான். திண்டிவனம் நர்சிங் ஹாஸ்டலில் என் அறைத்தோழி. அவள் பெயரே கேர்பிளான் என்றாகிவிட்டது.

அது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. ஒரு தாளில் ஐந்து கட்டம். நோயாளியின் நிலவரம், சிக்கல், என்ன ஆகவேண்டும், அதற்கு நாம் என்ன செய்யவேண்டும், கடைசியில் என்ன ஆனது. படிக்கிற காலத்தில் இதை எழுதி எழுதி எங்களுக்கெல்லாம் விரல் தேய்ந்தது. அவளுக்கு மட்டும் அதில் ருசி வந்துவிட்டது.

மெஸ் சாம்பாருக்கு எழுதினாள். நிலவரம்: "நீர்ச்சத்து அதிகம். பருப்பு தென்படவில்லை." செய்யவேண்டியது: "நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை பருப்பைத் தேடுதல்." அதை மெஸ் சுவரில் ஒட்டியதற்காக வார்டன் கூப்பிட்டுக் கத்தினார். அன்றே வார்டனுக்கும் ஒன்று எழுதினாள். இலக்கு: "வெள்ளிக்கிழமைக்குள் வார்டன் ஒருமுறையாவது சிரிப்பார்." சனிக்கிழமை காலையில் கடைசிக் கட்டத்தில், "இலக்கு எட்டப்படவில்லை. சிகிச்சை தொடரும்" என்று எழுதிக் கையெழுத்தும் போட்டாள்.

படிப்பு முடிந்தது. குர்கானில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி எங்கள் இருவரையும் எடுத்தது. எனக்குப் பயம். இந்தி தெரியாது, குளிர் தெரியாது. விழுப்புரத்தில் ஒரு நர்சிங் ஹோமும் கூப்பிட்டது. ஒரே நிபந்தனை, ஒரிஜினல் சர்டிபிகேட்டுகளைக் கொடுத்துவிட வேண்டும். இரண்டு வருஷம் அவர்கள் பீரோவில் வைத்துப் பூட்டிக்கொள்வார்கள். நர்ஸுக்கு ஓடிப்போகக் கால் இருக்கக்கூடாது என்பது அவர்கள் கொள்கை. அதற்குத் தருகிற சம்பளத்தை நான் இங்கே எழுதினால், அச்சுக்கோர்ப்பவர் பிழை என்று நினைத்து ஒரு சைபர் சேர்த்துவிடுவார்.

"பேசாம விழுப்புரத்துலயே சேந்துடறேன்டி" என்றேன்.

"ஒரிஜினல குடுத்துட்டு இன்னா பண்ணுவ? ரெண்டு வருசம் ஜெராக்ஸ் காப்பிய பாத்துக்கினு கெடப்பியா?" என்றாள் கேர்பிளான்.

மறுநாளே கூட்டேரிப்பட்டில் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். அப்பா அன்று யார் நிலத்திலோ மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்கிவிட்டு அப்போதுதான் வந்திருந்தார். அவரை உட்காரவைத்துத் தாளை எடுத்தாள்.

"அப்பா, உங்களுக்கு இன்னா பயம்னு ஒன்னொன்னா சொல்லுங்க. நான் எழுதிக்கினு வர்றேன்."

"பொட்டப்புள்ள தனியா அம்மாந்தூரம் போவுது. வேற இன்னாம்மா?"

"தனியா இல்லீங்களே. நானும் கூடப் போறேன்."

அவள் நிரப்பியிருந்த நாலு கட்டத்தையும் அப்பா எழுத்துக் கூட்டிப் படித்தார். இலக்கு என்ற இடத்தில், "மகள் தன் காலில் நிற்பாள். அப்பா நிம்மதியாகத் தூங்குவார்" என்றிருந்தது. "நீ கூடப் போறன்னா சரிம்மா" என்றார்.

சென்னை போய் டெல்லி ரயில் பிடிக்கவேண்டும். எங்களுக்குத் திண்டிவனம்தான் பக்கம். ஆனால் விழுப்புரத்தில் ஏறினால்தான் உட்கார இடம் கிடைக்கும் என்று கேர்பிளான் அடம்பிடித்தாள். அப்பா விழுப்புரம் வரை வந்து இருவரையும் ஏற்றிவிட்டார். அவள் பெட்டியையும் அவரே தூக்கி வைத்தார். "இன்னாம்மா, ஒன்னுமே கனக்கல" என்று கேட்டார். "எல்லாம் அங்க வாங்கிக்கலாம்பா" என்றாள்.

திண்டிவனம் வந்ததும் பெட்டியை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"நான் எறங்கறேன்டி. அம்மாவுக்கு ஒரு பக்கம் இழுத்துக்கிச்சி. பாக்க ஆள் இல்ல. ஒரிஜினல விழுப்புரத்துல குடுத்து பதினஞ்சி நாளாச்சி."

"அப்ப எங்கப்பாகிட்ட சொன்னது?"

"அத நீ பாத்துக்க."

ரயில் கிளம்பிவிட்டது. நான் சென்னை வரை அவளைத் திட்டிக்கொண்டே அழுதேன்.

அவள் சொன்ன பொய்யை, அப்பாவிடம் உண்மையைச் சொல்லும் வரை, ஒரு வருஷம் நான்தான் சுமந்தேன். "அந்தப் பொண்ணு நல்லாக்கீதா?" என்று அப்பா போனில் கேட்கும்போதெல்லாம், "பக்கத்து வார்டுல கீறாப்பா" என்பேன். அவளோ தன் ஊரான பனமலையிலிருந்து பஸ் பிடித்து விழுப்புரம் போய் நின்றுகொண்டே பன்னிரண்டு மணி நேரம் வேலை பார்த்துவிட்டு, வீட்டுக்கு வந்து அதே வேலையைச் சம்பளமில்லாமல் அம்மாவுக்குச் செய்துகொண்டிருந்தாள். இரண்டு வருஷம் முடிந்து ஒரிஜினல் திரும்பி வந்தது. அதை எடுத்துக்கொண்டு அவள் எங்கே போவாள்? இன்றும் அங்கேதான் இருக்கிறாள். நல்லவர்களுக்கு நல்லதே நடக்கும் என்று பேசுகிறவர்கள் அந்த நர்சிங் ஹோமில் ஒரே ஒரு ஷிப்ட் வேலை பார்த்துவிட்டு வந்து பேசட்டும்.

அவள்மேல் எனக்குக் கோபம் இன்னும் ஆறவில்லை. முன்னாலேயே சொல்லியிருந்தால் நான் போயிருக்கமாட்டேன். அது தெரிந்துதான் சொல்லவில்லை. ஒவ்வொரு லீவுக்கும் நான் வீட்டுக்குப் போவதற்கு முன்னால் பனமலைக்குத்தான் போகிறேன். அவளைப் பாய் விரித்துப் படுக்கச் சொல்லிவிட்டு, அவள் எழுந்திருக்கும் வரை அவள் அம்மாவை நான் பார்த்துக்கொள்கிறேன்.