கேஸ் வண்டி விழுங்கிய ஸ்வரம்

போர்த்தாலெஸ் பேட்டை, மெக்சிகோ நகரம்
திங்கட்கிழமை

பாசமும் மரியாதையும் என்றும் குறையாத தங்கை ஒத்திலியாவுக்கு, அண்ணன் எவரிஸ்தோ எழுதுவது. குவாதலூப்பே மாதா தயவில் மூட்டுவலி ஒன்றைத் தவிர இங்கே எனக்கு வேறு குறையில்லை. ஒரிசாபாவில் நீயும், உன் கோழிகளும், ஞாயிறு பூசையில் முன்வரிசைக்குச் சண்டை போடும் உன் சிநேகிதிகளும் சௌக்கியமாக இருக்க வேண்டும் என்பதே என் பிரார்த்தனை.

பின்கட்டு அறைக்கு வெள்ளையடித்து வைத்திருப்பதாக எழுதியிருந்தாய். "அம்பாரோ அண்ணி கண்ணை மூடினப்புறம் அங்க யாரோட பேசுற, சுவரோடயா? பேசாம மூட்டை கட்டிக்கிட்டு இங்க வந்துடு" என்றும் எழுதியிருந்தாய். பதில் போடாமல் இழுத்தடித்தது சோம்பலால் அல்ல. நான் ஒரு கேஸ் வண்டியோடு யுத்தத்தில் இருந்தேன். யுத்தம் முடிந்துவிட்டது, வெற்றி எனக்கு. விவரமாகச் சொல்கிறேன், சாய்ந்து உட்கார்ந்துகொள்.

சினிமாவுக்குப் பின்னணி இசை போட்ட என் பிழைப்பு உனக்குத் தெரியும். முகமூடி மல்லன் ரத்தக் காட்டேரியோடு கட்டிப் புரண்டானா, பின்னால் என் ட்ரம்பெட். பண்ணை வீட்டுப் பெண் வேலியோரம் நின்று அழுதாளா, என் வயலின். கதாநாயகி கதவைச் சாத்துவதற்குள் அழுகை முடிகிற மாதிரி ஸ்டாப்வாட்சைக் கையில் பிடித்துக்கொண்டு எழுதித் தள்ளினேன். இந்தத் தொழிலில் டைரக்டர்கள் கொடுக்கிற பெரிய பாராட்டு என்ன தெரியுமா? "பிரமாதம் மாயெஸ்த்ரோ, மியூசிக் இருந்ததே தெரியல." ஆயுசு முழுக்க இருப்பது தெரியாமல் இருந்து பழகியவன், இந்தக் கட்டடத்தில் நான் இருப்பது யாருக்கும் தெரியாததில் வருத்தப்பட என்ன இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். பொய்தான். வருத்தம் இருக்கிறது, ஒத்திலியா. சில நாள் ரேடியோவில் மணி சொல்கிறவனுக்கு நன்றி சொல்கிறேன், என் குரல் இன்னும் வேலை செய்கிறதா என்று பார்ப்பதற்காக.

இப்படி இருக்கையில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை தலைக்கு சோப்புப் போட்டுக்கொண்டிருந்தேன். தெருவிலிருந்து என் மெட்டு வருகிறது. 'உப்பளத்து விதவை' படத்தில், அவள் செத்துப்போன புருஷனின் தொப்பியை ஆணியில் மாட்டுகிறாளே, அந்த இடத்து மெட்டு. துண்டைச் சுற்றிக்கொண்டு படியிறங்கி ஓடினால், வாசலில் கேஸ் வண்டி. கூரையில் ஒலிபெருக்கி. மெட்டு ஏறுகிறது, ஏறுகிறது, கடைசி ஸ்வரத்துக்கு ஒரு படி முன்னால் டக்கென்று வெட்டிவிட்டு "பாம்ம்" என்று ஹாரன், அப்புறம் ஒருத்தன் குரல், "கேஏஏஸ்". மறுபடி முதலிலிருந்து. மறுபடி அதே இடத்தில் ஹாரன். வண்டிக்காரன் நசாரியோ என்னைப் பார்த்தான், துண்டைப் பார்த்தான். "குளிக்கறப்பவே கேஸ் தீர்ந்து வெந்நீர் நின்னுபோச்சா பெரியவரே? பாவம்" என்று சொல்லிவிட்டு ஒரு சிலிண்டரைத் தோளில் தூக்கிக்கொண்டு எனக்கு முன்னால் படியேறிவிட்டான். அந்தக் கோலத்தில் நின்றுகொண்டு எதை மறுத்துப் பேசுவது? வாங்கிக்கொண்டேன்.

அந்தக் கடைசி ஸ்வரம் யாருடையது என்று உனக்குத் தெரியாது. நான் எழுதும்போது மெட்டு மேலேயே போய் நின்றுவிட்டது. பியானோவில் அதையே திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருந்தேன். அடுக்களையில் பீன்ஸ் கிண்டிக்கொண்டே முணுமுணுத்த அம்பாரோ, தெரியாமல் கடைசியில் ஒரு ஸ்வரம் கீழே இறங்கிவிட்டாள். தப்பு என்று அவளுக்கும் தெரியாது. அதை அப்படியே எழுதிக்கொண்டேன். படம் முழுக்க நல்லதாக ஒன்று உண்டென்றால் அந்த ஒரு ஸ்வரம்தான். அவள் போன பிறகு இந்த வீட்டில் அதை யாரும் பாடவில்லை, நானும் வாசிக்கவில்லை. இப்போது பார், வாரா வாரம் ஒரு லாரி அதை வாசலுக்குக் கொண்டுவந்து, என் கண் முன்னால் அதன் கழுத்தைத் திருகுகிறது.

அதுக்கப்புறம் செவ்வாய்க்கிழமை வந்தாலே ஜன்னலோரம் போய் நின்றுவிடுவேன். இந்தத் தடவையாவது முழுசாக வராதா என்று ஒரு நப்பாசை. வராது. கீழே போய் நசாரியோவிடம் நியாயம் கேட்பேன். சும்மா நின்று பேசினால் அவனுக்கு நேரமில்லை, ஆகவே பேசுவதற்காகவே சிலிண்டர் வாங்க வேண்டியதாயிற்று. "இந்த மெட்டு நான் போட்டதுப்பா" என்றேன் ஒருநாள். "அப்படியா? எங்க மாமா ஒருத்தர் சந்திரனுக்குப் போயிட்டு வந்ததா சொல்லுவாரு. நல்ல மனுஷன்" என்றான். ஒண்டி ஆள், முட்டை பொரிப்பதோடு சமையல் முடிந்தது, எவ்வளவு கேஸ் தீரும்? நடையில் பியானோவை ஒட்டி நிறைந்த சிலிண்டர்கள் வரிசை கட்டி நிற்கின்றன. கீழ்வீட்டு பிரிஹிதா அம்மாள் என் வீட்டுக் கதவு இடுக்கு வழியே பார்த்துவிட்டு, "தோன் எவரிஸ்தோ, நீங்க கடை போட்டிருக்கீங்களா, இல்ல எங்களையெல்லாம் ஒரேயடியா அனுப்பி வைக்கப் போறீங்களா?" என்று கேட்டாள். இத்தனை வருஷத்தில் அவள் என்னிடம் பேசிய முதல் பேச்சு அதுதான்.

நிரூபித்துவிடுவோம் என்று நினைத்தேன். ஒரு ஞாயிறு மத்தியானம் டிவியில் 'உப்பளத்து விதவை' போட்டார்கள். மாடிப்படி மாடிப்படியாக ஏறி இறங்கி அத்தனை பேரையும் கூப்பிட்டேன். வந்தார்கள், ஒத்திலியா, நிஜமாகவே வந்தார்கள். காபி போட்டேன், இனிப்பு ரொட்டி வாங்கி வைத்தேன், அம்பாரோவின் நல்ல கோப்பைகளை எடுத்துக் கழுவினேன். என் பெயர் வருகிற நேரம் பார்த்து சலவைத்தூள் விளம்பரம் போட்டுவிட்டான். போகட்டும், காட்சி வரட்டும் என்று காத்திருந்தேன். விதவை தொப்பியைக் கையில் எடுத்தாள். வயலின் தொடங்கியது. பிரிஹிதா அம்மாள் விலுக்கென்று எழுந்தாள். "ஐயையோ, ஞாயித்துக்கிழமை கூட வரானா?" என்றாள். அவ்வளவுதான், அறையே எழுந்தது. ஆளாளுக்குத் தங்கள் வீட்டுக்கு ஓடி, காலி சிலிண்டரை உருட்டிக்கொண்டு தெருவுக்கு இறங்கிவிட்டார்கள். நானும் விதவையும் மட்டும் இருந்தோம். கடைசி ஸ்வரம் முழுசாக வந்தது, கேட்க ஆளில்லை. கீழே போனவர்கள் வண்டியைக் காணோம் என்று திட்டிக்கொண்டே அவரவர் வீட்டுக்குப் போய்விட்டார்கள், யாரும் திரும்பி மேலே வரவில்லை. மீந்த ரொட்டியை நான் புதன்கிழமை வரை தின்றேன்.

அன்றைக்கு எனக்கு மனசு விட்டுப்போயிற்று. இன்று காலை கேஸ் கம்பெனி ஆபீசுக்கே போனேன். நகத்துக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்த பெண்ணிடம் கதை முழுக்கச் சொன்னேன், அம்பாரோ பீன்ஸ் கிண்டியது வரை. அவள் நகத்தை ஊதிக்கொண்டே, "அதெல்லாம் சரி தாத்தா, உங்களுக்கு எத்தனை சிலிண்டர்?" என்றாள். கூச்சல் போட்டேன். மேனேஜர் வந்தார், தண்ணீர் கொடுத்தார். "ஸ்வரம் சேர்க்கணும்னா ஹாரனைத் தள்ளணும், ஹாரனைத் தள்ளினா ரெக்கார்டிங்கை மறுபடி எடுக்கணும், அது ஆகாத காரியம்" என்றார். "அப்படியானால் பாதி மெட்டைப் போடாதீர்கள், அடியோடு நிறுத்துங்கள்" என்றேன். ஆள் தொலைந்தால் போதும் என்று நினைத்தாரோ என்னவோ, சரி என்றுவிட்டார். நாளை முதல் வெறும் ஹாரன்தான்.

ஜெயித்துவிட்டு வீட்டுக்கு வந்து உட்கார்ந்தேன். செவ்வாய்க்கிழமைக்கு இனி என்ன இருக்கிறது என்று யோசித்தேன். ஒன்றுமில்லை. ஆகவே தங்கச்சி, நீ சொன்னதுதான் சரி. சனிக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன். பியானோவை விற்றுவிடலாம். உன் கோழிகள் என்னைச் சகித்துக்கொள்ளும் என்று நம்புகிறேன்.

உன் உடம்பும் உன் வீட்டு அடுப்பும் என்றும் சூடாக இருக்கட்டும். அம்மாவின் கல்லறையில் என் பெயரைச் சொல்லி ஒரு மெழுகுவர்த்தி ஏற்று.

உன் அண்ணன்,
எவரிஸ்தோ

பி.கு.: தபாலில் போடவில்லை, இன்று செவ்வாய். காலையில் வண்டி வெறும் ஹாரனோடு வந்தது. இந்தத் தெருவில் எந்த வண்டிதான் ஹாரன் அடிக்கவில்லை? ஒருத்தரும் இறங்கவில்லை. நசாரியோ ஏற்றி வந்ததை அப்படியே கொண்டு போய்விட்டான். மத்தியானம் மாடிப்படி எங்கும் ஒரே வசவு, பாதி வெந்த பீன்ஸ். நான்தான் ஊரை விட்டுப் போகிறவனாயிற்றே என்று ஜன்னலைத் திறந்து வைத்து, பியானோவைத் துடைத்து, தொப்பி மெட்டைக் கடைசியாக ஒரு தடவை வாசித்தேன், அம்பாரோவின் ஸ்வரத்தோடு. கீழே கடகடவென்று சத்தம். எட்டிப் பார்த்தால் நடைபாதை முழுக்கப் பெண்கள், கையில் காலி சிலிண்டர். இந்தப் பக்கம் பார்த்தார்கள், அந்தப் பக்கம் பார்த்தார்கள், வண்டியைக் காணோம். அப்புறம் எல்லாரும் மேலே பார்த்தார்கள், என் ஜன்னலை.

பிரிஹிதா அம்மாள் மூச்சிரைக்க ஏறி வந்தாள். "நீங்கதானா அது? நிஜமாவே நீங்கதானா?" என்றாள். நடையில் இருந்த நிறைந்த சிலிண்டர்களை ஆளுக்கொன்றாகத் தூக்கிக்கொண்டு, காலியை வைத்துவிட்டுப் போனார்கள். "அடுத்த வாரம் நசாரியோ முக்கு திரும்பினதும் நீங்க வாசிச்சிடுங்க, அவன்கிட்ட நான் சொல்லிக்கறேன். ஆனா கடைசியில என்னமோ ஒண்ணு கூட வாசிக்கறீங்களே, அது பாட்டுல கிடையாது" என்றாள். "உண்டு, என் பெண்சாதி போட்டது" என்றேன். "அப்ப இருக்கட்டும். இழுக்காம முடிங்க, வண்டி போயிடும்" என்று சொல்லிவிட்டு, மெட்டை முணுமுணுத்தபடி படியிறங்கினாள். கதவைச் சாத்தாமல் நின்றேன். இரண்டாவது திருப்பத்தில் அந்தக் கடைசி ஸ்வரத்தையும் சேர்த்துப் பாடினாள், ஒத்திலியா, சரியாக இறங்கினாள்.

சனிக்கிழமை பஸ் நிலையத்துக்கு வராதே. பின்கட்டு அறையில் கோழிகளை விட்டுக்கொள். செவ்வாய்க்கிழமைகளில் எனக்கு வேலை இருக்கிறது.